பங்களாப் புல்தரையில் முளைத்த காளான்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினேழு வருடம் கொழுந்தெடுத்தவள் அம்மாக்கண்ணு. முழங்கால் வீங்கி மலையேற முடியாமல் போனதும், துரை பங்களாப் புல்தரையில் களை பிடுங்கினாள். 1955 ஐப்பசி மழையில் அந்தப் புல்தரையெங்கும் வெள்ளைக் காளான். இன்று பிடுங்கினால் நாளை அதே இடத்தில் நின்றது. மூன்றாம் நாள் துரையின் நாய் அதைத் தின்று வாந்தியெடுத்துச் சுருண்டது.

"யாரோ செய்வினை மருந்து வச்சிருக்காங்க துரை. இல்லாட்டி பிடுங்கப் பிடுங்க முளைக்குமா?" என்றார் கணக்கப்பிள்ளை சின்னராசா.

நாய்க்கு விசாரணை நடந்தது. அதே மாதம் தொழிலாளர் லயத்தில் வயிற்றுப்போக்கில் செத்த குழந்தையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. புல்தரையில் கைவைப்பவள் அவள்தான் என்பதால், சனிக்கிழமை அம்மாக்கண்ணுக்குப் பத்துச்சீட்டு என்று முடிவாயிற்று. அந்தச் சீட்டைக் கொடுத்தால் வேலையோடு குடியிருக்கும் காம்பராவும் போய்விடும்.

தினமும் அடுப்புக்குத் தணல் வாங்க வரும் பக்கத்துக் காம்பரா மீனம்மா வரவில்லை. வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தாள்.

"எனக்காகவாடி இது?"

"புள்ளக்குட்டிக்காரி நானு. தப்பா நெனைக்காதீங்கக்கா."

அம்மாக்கண்ணுக்கு வேறு சந்தேகம். புல்தரைப் பக்கமே வராத சின்னராசாவுக்கு இதில் என்ன இத்தனை அக்கறை? நாலு வருடத்துக்கு முன் அந்தப் புல்தரை தேயிலை மலை. செடிகளை வேரோடு பிடுங்கச் சொல்லிவிட்டுத் துரை சீமைக்குப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் வேலை முடியவேண்டுமென்று, தரைமட்டத்தில் வெட்டி மண்ணைப் போட்டு மூடச் சொன்னவர் சின்னராசா. அந்த மண்ணைச் சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை மண்வெட்டியோடு போய், காளான் அடர்ந்த இடத்தில் ஓங்கிக் கொத்தினாள்.

"ஐயோ, துரை புல்லக் கொத்துறா!" சின்னராசா ஓடிவந்தார். அதற்குள் துரையும் வந்துவிட்டார். குழியில் மக்கிய தேயிலைக் கட்டை. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்ப் பூசண நூல்.

"மருந்துமில்ல மாயமுமில்லீங்க துரை. இந்தக் கட்டை மக்கித்தான் காளான் வருது. நீங்க புடுங்கச் சொன்னீங்க. இவரு மூடச் சொன்னாரு."

துரை கட்டையைப் பார்த்தார், சின்னராசாவைப் பார்த்தார். "சரி, நீ வேலை செய்," என்று உள்ளே போய்விட்டார். சின்னராசாவுக்கு ஒரு சொல்கூட விழவில்லை.

மறுநாள் காலை, ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் சின்னராசா அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை.

"நான் மருந்து வச்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. வைக்கலைன்னு இங்க சொல்லுங்க. அப்புறம் போறேன்."

ஆட்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் பெயர்ப் பதிவான செக்ரோலைப் புரட்டினார். பக்கம் தீர்ந்ததும், "வைக்கல," என்று முனகினார்.

"கேக்கலீங்க!" என்றாள் பின்வரிசையிலிருந்து மீனம்மா.