மீன் ஐசில் முடிந்த கணக்கு

விடுமுறைக்கு நெடுந்தீவு வந்த அக்கா, மடிக்கணினியையும் அதற்குள் ஒரு முடியாத குவாண்டம் கணக்கையும் கொண்டுவந்தாள். கடுங்குளிரில் இரண்டு பொருள்கள் சேர்ந்து புதிதாக ஒன்று உண்டாகுமா, விறைத்து நின்றுவிடுமா என்பதுதான் கணக்கு. அன்று பின்னேரத்துக்குள் விடையை அனுப்பாவிட்டால், மாநாட்டில் அவள் பேசவிருந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு வரும் சாதாரண தரச் சோதனையை இரண்டு முறை எழுதியும் தேறாத எனக்கு அவள் அதை விளக்கினாள்.

"கல்வேலிக்கு இங்காலை மாடு நிக்குதெண்டு வை. பாயச் சத்தியில்லை. அணுவெண்டா, பாயாமலே சிலவேளை அங்காலை போய் மற்றதோடை சேந்திடும். அந்தக் குளிரிலை அது அலை மாதிரி."

"அப்ப பக்கத்து வீட்டு முருங்கையை எங்கட மாடு திண்டதுக்கு நான் பேச்சு வாங்கினது அநியாயம்."

"மாடு பெரிசடா. அதுக்கு இது சரிவராது."

பதினொரு மணிக்குக் கணினி சூடேறித் தானாக நின்றது. அன்று அது மூன்றாவது தடவை. உலகத்திலேயே குளிரான கணக்கைப் போட்ட பெட்டியில் தோசை சுடலாம் என்றேன். அக்கா சிரிக்காமல் கணினியை மூடிப் பைக்குள் வைக்கப் போனாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். மீன் வாங்கி அனுப்பும் அண்ணை, குளிர் காக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஒரா மீனை ஐசோடு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பெட்டியை ஒருக்காத் தாங்கோ. அக்காவின்ர கணக்குக்குக் காய்ச்சல்."

"மீனோடையோ?"

"ஓம். அதுகளும் கொஞ்சம் படிக்கட்டும்."

"ரெண்டரைப் படகுக்குப் பெட்டி இஞ்சை நிக்கோணும். இல்லாட்டி உன்னை ஐசிலை அடுக்கி அனுப்புவன்."

வீட்டில் மூடியைத் திறந்து, பெட்டிக்குப் பின்னால் மேசை விசிறியையும் முன்னால் கணினியையும் வைத்தேன். ஐசைத் தடவி வந்த காற்றில் கணினி நிற்காமல் ஓடியது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தாள். யன்னலில் இரண்டு பூனைகள் மீனைப் பார்த்தன.

இரண்டு மணிக்கு ஐஸ் பாதி தண்ணீர். கணக்கு முடியவில்லை. இரண்டே காலுக்குத் திரையில் கோடு வந்தது. குளிர் கூடக்கூட இறங்கிக்கொண்டே போன கோடு, அடியைத் தொடாமல் நேராகப் போனது.

"நிக்கேல்லையடா, சேருது," என்றாள் அக்கா. "மாடு அங்காலை போயிட்டுது."

அவள் அதை அனுப்பும்போதே நான் பெட்டியைச் சைக்கிளில் கட்டிவிட்டேன். படகு கயிறு அவிழ்க்க முன்னம் போய்ச் சேர்ந்தேன். அண்ணை மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"மீன் என்ன படிச்சது?"

"குளிர் காணாதாம் அண்ணை. இன்னும் கொஞ்சம் ஐஸ் போடுங்கோ."