பொம்மைக்கு மை

பேரன் பொம்மை வீரனின் கண்ணையும் வாயையும் துடைத்தெடுத்துவிட்டு, நிறம் மாற்ற அதன் தலையைச் சாயத்தில் போட்டுக் கொதிக்கவைத்தான். சூடான ரப்பர் வாடை என்னைக் காஜா பெராங் ஊரில் நான் சிறுவனாக இருந்த வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

சுதந்திரம் வந்த வருடம் அது. அப்பாவின் வெளுத்த காற்சட்டைக்காக அம்மா காய்ச்சிய பழுப்புச் சாயத்தில், அக்கா தன் வெள்ளைக்கார ரப்பர் பொம்மையை முக்கி எடுத்தாள்.

“இப்பத்தாம்மா என்ன மாதிரி இருக்கு.”

“நல்லா இருந்தத கெடுத்திட்டியேடி,” என்று அம்மா மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். சாயம் போகவில்லை, கண்ணும் வாயும்தான் அழிந்தன. அக்கா அப்புறம் அதைத் தொடவே இல்லை.

“சாயம் நல்லா பிடிச்சிருச்சு தாத்தா. இனிமே கண்ணு வரஞ்சா போதும்,” என்றான் பேரன்.

அக்காவுக்குத் தினமும் கண்மை தீட்டிய வீடு எங்களுடையது. அந்தப் பொம்மைக்கும் தீட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.