காப்பு இருக்கா?

வயசாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போற தொழில்ல பாதி கால் வலி, பாதி வாய் வலின்னு சொல்லுவாங்க. எனக்கு நாலு பேருக்கு முன்னால வாயே வராது, அதனால முழுசும் கால்தான். இப்ப கையில பிளேடு. டீச்சரோட பிரஷர் மாத்திரையைப் பலகையில வச்சு ரெண்டா வெட்டிக்கிட்டே, நடுநடுவுல இதை எழுதுறேன். நான் இரத்தோட்டைப் பக்கம் தோட்டத்துல பொறந்தவ, ஆறாம் வகுப்போட நின்னுட்டேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

டீச்சருக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணம். மாத்தளையில அரசாங்கப் பள்ளிக்கூடத்துல கணக்குப் படிச்சுக் குடுத்து பென்ஷன் ஆனவங்க. புருஷன் தவறிட்டாரு, பிள்ளையும் இல்ல. என் மகளை நர்சரியில விட்டுட்டு வந்து பகல் பூரா அவங்களோட இருப்பேன். கிளினிக் பெஞ்சுல யாருக்காவது துணையாக் குந்திக் கிடந்தவங்களுக்கு நான் சொல்லப்போறது புதுசா இருக்காது. எனக்குத்தான் சொல்லாம இருக்க முடியல.

அரை மாத்திரை

வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே டீச்சர் பிளேடைக் குடுத்து, எல்லா மாத்திரையையும் பாதியா வெட்டச் சொன்னாங்க. டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டேன். ஒருநாள் கிளினிக்குல டாக்டர், “பிரஷர் இறங்கவே இல்லையே, மருந்து ஒழுங்காப் போடுறாங்களா?”ன்னு கேட்டாரு. “ஆமாங்க, தவறாம பாதி பாதி”ன்னேன். அவர் பேனையைக் கீழே வச்சுட்டாரு. எழுதிக் குடுத்தது முழு மாத்திரையாம்.

 வெட்டினது நான்தானே! அந்த மருந்து காசில்லாமக் குடுக்கிற கிளினிக்குல தீர்ந்துபோனா வெளியே பார்மசியிலதான் காசு குடுத்து வாங்கணும். அதுக்காகத்தான் இந்தச் சிக்கனமாம். டாக்டர் ஏசியும் அவங்க கேக்கல, நான் கெஞ்சியும் கேக்கல. வெளியே வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: “பயப்பிடாத பிள்ளை, அரையும் ஒரு எண்தான்.”

லீவு

கலேவெலப் பக்கத்துல இருந்து மொத பஸ்ஸுல கிளினிக்குக்கு வர்ற ரிட்டயர் ஆன பள்ளிக்கூட அதிபர் ஐயா ஒருத்தர். இளைப்பு வருத்தம், மூச்சு வியாதி. மூச்சு இழுக்கிற மருந்தை வெளியே வாங்கச் சொன்னா, சீட்டை மடிச்சு சட்டைப்பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாரு. மூச்சு வாங்க வாங்க டீச்சர்கிட்ட சொன்னாரு: “வேலையில இருந்த காலம் பூரா ஒரு சுகயீன லீவு எடுக்கல டீச்சர், இப்பதான் எல்லாத்தையும் மொத்தமா எடுக்கிறேன்.”

காப்பு இருக்கா?

டீச்சருக்கு ரெண்டு கண்ணுலயும் வெண்புரை. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில ஆப்பரேஷன் சும்மாதான், ஆனா முறை வரக் காத்திருக்கணும். புரை முத்திப்போச்சு, இனித் தள்ளிப்போடாதீங்கன்னு டாக்டர் சொன்னதால ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டீச்சரை உள்ளே கண்ணு பாக்கக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. கவுண்டர்ல இருந்த தங்கச்சி வேகமா, “காப்புறுதி இருக்கா?”ன்னு கேட்டிச்சு. எனக்குக் காதுல விழுந்தது காப்பு மட்டுந்தான். நாங்க வளையல்னு சொல்றதை டீச்சர் காப்புன்னுதான் சொல்லுவாங்க. கைக்கு ஒண்ணு, தங்கத்துல.

“ரெண்டு கையிலயும் இருக்குங்க, கழட்டச் சொல்லணுமா?”ன்னேன். பெஞ்சு பூரா சிரிச்சிருச்சு. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. அந்தத் தங்கச்சி மட்டும் சிரிக்கல. “அக்கா, நான் கேட்டது பென்ஷன்காரங்களோட காப்புறுதி, இன்சூரன்ஸ், அது இருந்தா ஆப்பரேஷன் காசை அங்க இருந்து கட்டுவாங்க, இல்லாட்டி நீங்க சொன்ன காப்புத்தான்.”

பாயசம்

“எனக்கு இருக்கு. மாசா மாசம் பென்ஷன்ல வெட்டுறாங்கள்தானே”ன்னு டீச்சர் தைரியமா என்னைப் பென்ஷன் கந்தோருக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அங்க இருந்த கிளார்க் தம்பி டீச்சர்கிட்ட படிச்சவராம், எழும்பி நின்னு கதைச்சாரு. எல்லார்கிட்டயும் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி ஒண்ணாச் சேர்த்து, வருத்தம் வந்தவங்களுக்கு எடுத்துக் குடுக்கிறதாம். ஆனா அதுக்கு ஒரு வயசு எல்லை இருக்காம். டீச்சர் அதைத் தாண்டிட்டாங்களாம்.

 எங்க தோட்டத்து மரண உதவிச் சங்கமும் இதே மாதிரிதான் ஓடுது. ஆனா, ‘சாகிற வயசு வந்திருச்சு, இனி உன் பேர் இல்ல’ன்னு அங்க யாரும் சொன்னதில்ல.

“வெட்டுறதைப் போன வருசமே நிப்பாட்டிட்டாங்களே, கையில கொஞ்சம் கூட வந்திருக்குமே, டீச்சர் கவனிக்கலையா?”ன்னு தம்பி கேட்டாரு. டீச்சர் கதிரையைப் பிடிச்சு அதுல உக்காந்துட்டாங்க. எனக்கும் அப்பத்தான் வெளங்கிச்சு. போன வருசம் பென்ஷன் எடுத்துட்டு வந்த ஒருநாள், அரசாங்கம் கூட்டியிருக்குன்னு வீட்டுல ஒரே சந்தோசம். சீட்டைப் படிச்சுப் பாக்கக் கண்ணு தெரியல. என் மகள் ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்சா. டீச்சர் மெதுவாச் சொன்னாங்க: “ஐயோ தம்பி, நான் அதுக்குப் பாயசம் எல்லோ காய்ச்சினனான்!”

சவர்க்காரம்

ஆப்பரேஷன் காசுக்குக் காப்பை வித்துரலாம்னு டீச்சர் முடிவு பண்ணினாங்க, ஆனா அது லேசுல கழலல. கலியாணத்துக்குப் போட்டது, கை தடிச்சுப் போச்சு. சவர்க்காரம் போட்டு நான் இழுத்தேன், அவங்க பல்லைக் கடிச்சாங்க. தோல் செவந்து வந்ததும் நான் அழுதுட்டேன். கடைசியில வலது கைக் காப்பை நகைக்கடையில வெட்டித்தான் எடுத்தாங்க. கடைக்காரர் முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. வெட்டத் தயங்கினவரை டீச்சர்தான் சமாதானப்படுத்தினாங்க: “வெட்டுங்கோ முதலாளி, வெட்டுறதெண்டால் எனக்குப் பென்ஷனிலயே பழக்கம்.”

அந்தக் காப்புல வலது கண்ணு ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. கட்டு அவிழ்த்த அன்னைக்கு என்னையே உத்துப் பாத்துட்டு டீச்சர் சொன்னாங்க: “எட பிள்ளை, நீ இவ்வளவு சின்னப் பெட்டையா?”

இடது கண்ணு அப்படியேதான் இருக்கு, இடது கைக் காப்பும்தான். அந்தக் கண்ணுப் புரையும் முத்திக்கிட்டு வருதாம். பெரியாஸ்பத்திரியில முறை வர்ற வரைக்கும் பொறுப்போம்னு நான் தினமும் சொல்லிப் பாக்கிறேன். ஆக, இந்தத் தொழில்ல நான் கண்டதை ஒரே வரியில சொல்லணும்னா, ரிட்டயர் ஆன டீச்சருக்குக் கண்ணு எத்தனையோ காப்பும் அத்தனை இருக்கணும், அதுக்கு மேல ஒரு வருத்தம் வந்தா... உள்ளேருந்து கூப்பிடுறாங்க, “பிள்ளை, அந்தச் சவர்க்காரத்தை ஒருக்கா எடுத்துக்கொண்டு வா”ங்கிறாங்க, குளிக்கிற நேரமும் இல்லையே, எதுக்கு இப்ப