சந்தேகத்தார் பெட்டி வாங்குகிறார்

மூடியில் இருக்கிற காற்று ஓட்டைகளில் மூக்கை வைத்து மூன்று தடவை முகர்ந்த பிறகுதான் அவர் பெட்டியின் முன்பக்கத்தையே பார்ப்பார். முதல் முகர்தல் தூசிக்கு. இரண்டாவது, உள்ளே யாராவது புதிதாக ஈயம் பற்றவைத்திருக்கிறார்களா என்று பார்க்க. மூன்றாவது எதற்கு என்று கேட்டால், "முதல் ரெண்டையும் நம்பலாமான்னு பாக்கறதுக்கு" என்பார். அன்று முகர்ந்து நிமிர்ந்தபோது கடைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் சிரிக்கவில்லை.

"இது ஒரு தடவை சூடாகி அணைஞ்ச பெட்டி."

"சார், நேத்துதான் நானே சீல் பிரிச்சேன்."

"பிரிச்சது நீங்க. ஒட்டினது யாரு?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்குக்கு மேல்மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக்கூடம். இரண்டு அறை, நடுவில் இரட்டைக் கண்ணாடி. பாட்டுக்காரர்கள் அதிகம் வரமாட்டார்கள். புத்தகம் வாசிக்கிறவர்கள், விளம்பரம் பேசுகிறவர்கள், 'கதவுகள் மூடுகின்றன' என்று லிஃப்டுக்குள் சொல்கிற குரல்காரர்கள், இவர்கள்தான் வருவார்கள். அங்கே ஓடுகிற ஒயர் அத்தனையும் நான் இழுத்தது. பதினெட்டு வருஷமாக அவருக்கு என் பெயர் 'ஒயரு'. அவருக்கு இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'சந்தேகத்தார்'. நேரில் மட்டும் 'அண்ணே'.

கதவைப் பூட்டுவார். நாலு படி இறங்குவார். திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். அது போதாதென்று தெருவுக்கு வந்தபிறகு என்னிடம், "நான் இழுத்தேன்ல?" என்பார். யாராவது பாராட்டினால், "ஏன் சொல்றீங்க?" என்று கேட்பார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அறைக்கு அறை கை தட்டிப் பார்ப்பார், சுவர் எப்படிப் பதில் சொல்கிறது என்று. அண்ணி ஒருநாள் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். "புதுசா குடிபோன என் தங்கச்சி வீட்டுல, பாத்ரூமுக்குள்ள போய் தாழ் போட்டுக்கிட்டு கை தட்டுறாருப்பா. வெளிய அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. மனுஷன் வெளிய வந்து, 'டைல்ஸ் சரியா ஒட்டல'ங்கறாரு."

மைக் ஸ்டாண்டை இழுத்துப் பார்ப்பார். நாற்காலிக் காலை ஆட்டிப் பார்ப்பார். தீயணைப்பு உருளையைத் தூக்கி எடை பார்ப்பார். இத்தனை வருஷத்தில் அவர் இழுத்துப் பார்க்காத ஒரே சாமான், நான் சொருகிய ஒயர்தான். எனக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. இருந்தது.

இப்போது அவருக்கு வேண்டியது ஒரு ஈக்வலைசர். குரலில் இருக்கிற அடிக்கனம், நடுக்கரகரப்பு, மேல்கூர்மை இதையெல்லாம் தனித்தனிக் குமிழ் வைத்துக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. பழையது செத்து நாலு மாதமாகிவிட்டது. இரண்டு தடவை நான் உயிர் கொடுத்தேன்; மூன்றாவது தடவை அதற்கான பாகம் உலகத்திலேயே இல்லை என்றார்கள். கம்ப்யூட்டரிலேயே அந்த வேலையைச் செய்யலாம். செய்தும் பார்த்தார். பிடிக்கவில்லை. "திரையில கோடு அழகா வளைஞ்சா போதும், காது சரின்னு சொல்லிடுது. கண்ணு காதுக்கு லஞ்சம் குடுக்குதுடா" என்றார். ஆகவே அந்தக் காலத்துப் பெட்டி மாதிரி கண்ணாடி வால்வும் இரும்புமாக இப்போது செய்து விற்கிறார்களே, அதில் ஒன்று வாங்குவது என்று முடிவு.

அவசரத்துக்குக் காரணம், புத்தகம் வாசிக்கிற அக்கா. பதினொரு வருஷமாக இந்தக் கூடத்தில்தான் அவர் வாசிக்கிறார். பழைய பெட்டி போனதிலிருந்து தன் குரலைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். போன வாரம் சொல்லியேவிட்டார்: "அண்ணே, நான் தகரத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறது தொள்ளாயிரம் பக்கம். தொள்ளாயிரம் பக்கமும் தகரமா வாசிக்க என்னால முடியாது. கோவிச்சுக்காதீங்க, நான் வேற எடம் பாத்துக்கறேன்." அவர் போனால் அந்தப் பதிப்பகம் போகும். பதிப்பகம் போனால் மேல்மாடியில் மிஞ்சுவது லிஃப்டுக் குரல்தான். அது சந்தேகத்தாருக்கே சந்தேகமில்லாமல் தெரியும்.

முதலில் வந்தது ஒரு பச்சைப் பெட்டி. மூலைகளில் பெயின்ட் உதிர்ந்து, பார்க்கப் பழசாக இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ரெண்டு மூலையிலயும் கீறல் ஒரே நீளம். பழசாகறது இவ்வளவு ஒழுங்கா ஆகாது. புதுசுக்கு எதுக்கு இந்தக் கெழட்டு வேஷம்?" திருப்பி அனுப்பினார். இரண்டாவது, தூக்கமுடியாத கனம். எனக்குப் பிடித்திருந்தது. "கனம் எங்க இருக்குன்னு பாரு" என்றார். அடித்தகட்டைக் கழற்றினேன். கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பட்டையை ஆறு திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு ஒயரும் போகவில்லை, வரவில்லை. சும்மா கனத்துக்கு. அன்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முகர்ந்து பார்த்துச் "சூடாகி அணைஞ்சது" என்றாரே, அது மூன்றாவது. சாம்பல் நிறம். நாலு பெரிய குமிழ், ஒரு சின்ன விளக்கு, குரலுக்குத் தகுந்தபடி ஆடுகிற ஒரு முள். திறந்து பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. நல்ல பெட்டி என்றேன். "பாக்கலாம்" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கடைக்காரர் தவணை கொடுத்தார். வேண்டாமென்றால் அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை இருக்கிறது. கம்ப்யூட்டர் திரைமேல் துண்டைப் போட்டு மூடுவார். பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். அண்ணி பின்னால் நின்று, பெட்டியைக் குரலின் வழியில் சேர்க்கிற சுவிட்சைப் போட்டுப் போட்டு எடுப்பார்; எப்போது போட்டார் என்று காகிதத்தில் குறிப்பார். இவர் காதால் மட்டும் சொல்லவேண்டும். அதிலும் சந்தேகம். "சுவிட்ச் போடறப்ப நீ மூச்சைப் புடிக்கிற. அதை வெச்சே நான் கண்டுபுடிச்சிடறேன். ஒழுங்கா மூச்சு விடு." அண்ணி, "கல்யாணமான நாள்லேருந்து இப்படித்தான் விடறேன்" என்பார்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து அண்ணி தன் தங்கைக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இவரே குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காலையிலேயே ஒயரெல்லாம் சொருகிவிட்டேன். அக்கா போன மாதம் வாசித்த ஒரு பக்கத்தை ஓடவிட்டார். விளக்கு எரிந்தது, முள் ஆடியது, வால்வு சூடேறியது.

முதல் ஒரு மணி நேரம் உர்ரென்று இருந்தார். பிறகு கீழ்க்குமிழைத் திருப்பினார். கண்ணை மூடினார். "டேய் ஒயரு, கேட்டியா? குரலுக்கு உடம்பு வந்துடுச்சு." இன்னும் திருப்பினார். "வெண்ணெய்டா." மேல்குமிழைத் திருப்பினார். "இப்ப உதடு தெரியுது பாரு." நானும் கேட்டேன். உடம்பு வந்த மாதிரித்தான் இருந்தது; உதடும் தெரிந்தது. "ஆமாண்ணே" என்றேன். மனசறிந்துதான் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு பொருளை இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

மத்தியானம் அக்கா வந்தார். இவர் அவரைப் பையை வைக்கக்கூட விடவில்லை. "உக்காரும்மா, கேளு." அக்கா கேட்டார். தலையைச் சாய்த்து அந்தப் பக்கத்தை முழுக்கக் கேட்டார்.

"எனக்கு எப்பவும்போலதான்ணே கேக்குது."

"எப்பவும்போலவா!"

"அதே தகரம்."

"உன் குரல் உனக்கு என்னைக்குப் புடிச்சுது? இன்னொரு தடவை கேளு." மேல்குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினார். "இப்ப?"

"அதேதான்ணே." அக்கா மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?"

இவருக்குக் கோபம். கடைக்காரருக்குப் போன் போட்டுப் 'பெட்டி எனக்குத்தான்' என்று சொல்லப் போனை எடுத்தார். நான் குறடு எடுப்பதற்காக அலமாரிக்குப் பின்னால் போனேன். அங்கே பார்த்தேன். ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் சுவரில் ஒரு ஓட்டைப் பலகை உண்டு. எந்தக் குரலும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். ஒரு ஒயர் குரலைப் பெட்டிக்குள் கொண்டுபோகும். இன்னொன்று, பெட்டி திருத்திய குரலைப் பலகைக்குத் திருப்பிக் கொண்டுவரும். கொண்டுபோகிற ஒயரைச் சொருகியிருந்தேன். அதனால்தான் முள் ஆடியது. திருப்பிக் கொண்டுவருகிற ஒயரைக் கையில் எடுத்த நேரத்தில் என் மச்சான் போன் பண்ணினான், அவன் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று. ஒயரைக் கீழே விட்டவன் விட்டவன்தான். அது இல்லாவிட்டால் குரல் நின்றுபோகும் என்றாலாவது தெரிந்திருக்கும். நிற்காது. பெட்டியைத் தொடாமல் பழைய வழியிலேயே ஸ்பீக்கருக்குப் போய்விடும். காலையிலிருந்து நாங்கள் கேட்டது பெட்டியே இல்லாத குரல்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தமில்லாமல் ஒயரை ஓட்டைக்குள் தள்ளினேன்.

அடுத்த நொடி, இன்னும் ஓடிக்கொண்டிருந்த பதிவிலிருந்து அக்காவின் குரல் அறையைப் பிளந்தது. குமிழெல்லாம் கண்டபடி திருகிக் கிடந்தன அல்லவா? அண்டாவுக்குள் ஆள் உட்கார்ந்து அலறுகிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் ஊசி மாதிரி. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இவர் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து சத்தத்தை அணைத்தார். பிறகு அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒயர்மேல் என் கை இருந்தது.

"என்னடா பண்ண?"

"இப்பதாண்ணே சொருகினேன்."

"இப்ப சொருகினியா? அப்ப காலையிலேருந்து?"

"பெட்டி சேரவே இல்லண்ணே. என் தப்பு."

"முள்ளு ஆடுச்சேடா!"

"ஆடும்ணே. குரல் உள்ள போகுதுல்ல. திரும்பி வரல."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் போய் உட்கார்ந்து, குமிழ் நாலையும் ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "நீதான் சரியா கேட்ட. உக்காரும்மா. நீ சொல்லு, நான் திருப்பறேன்."

கொஞ்சம், கொஞ்சம் என்று திருப்பினார். கீழ்க்குமிழ் இரண்டைத் தாண்டவில்லை. மேல்குமிழை அரைப்புள்ளி குறைத்தார். அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார். "இது நான்தான்" என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விடுகிற ஆளா அவர்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணியைக் கை கால் கழுவக்கூட விடாமல் பெட்டி முன்னால் நிறுத்தினார். துண்டு, முதுகு, காகிதம். இருபது தடவை. முடிந்ததும் அண்ணி கணக்குப் பார்த்தார்.

"பதினெட்டு சரி. பெட்டி நல்ல பெட்டிதான், காதும் நல்ல காதுதான். விடுங்க."

"அந்த ரெண்டு?"

"எதுக்கு அது?"

"என்ன ஆச்சு, சொல்லு."

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ரெண்டு தடவையும் நான் சுவிட்சையே தொடல. சும்மா நின்னேன். ரெண்டு தடவையும், 'இப்ப மாறிடுச்சு, நல்லாருக்கு'ன்னு சொன்னீங்க."

அவர் கடைக்காரருக்குப் போன் போட்டார். "பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். கடைக்காரர் அந்தப் பக்கம் ஏதோ பாராட்டியிருக்க வேண்டும். "ஏன் சொல்றீங்க?" என்று இவர் கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நான் போனபோது பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா முதல் பக்கத்தைப் புரட்டிவைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இவர் பெட்டியை விட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் வந்தார். நான் நிற்கிறேன் என்றும் பார்க்கவில்லை. போகிற ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு. வருகிற ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு. இரண்டும் நின்றன. பிறகு அதே இரண்டு விரலால், பூட்டை இழுக்கிற அதே அழுத்தத்தில், தன் வலது காதைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.