உழாமல் தப்பிய பதின்மூன்று அடி

பத்திரிகையை விட்டு வந்த பிறகு சில காலம் துண்டுப்பிரசுரம் எழுதினேன். ஆராய்ச்சி நிலையத்தில் கண்டதை விவசாயிகளின் காணியிலேயே செய்துபார்த்து, அயலூர்க்காரரை அழைத்துக் காட்டும் திட்டம் ஒன்று மாத்தளையில் நடந்தது. அதன் சிங்களக் குறிப்புகளைத் தமிழில் தருவது என் வேலை. அந்தப் பெரும்போகத்தில் விஷயம் இதுதான்: நிலத்தை உழாமல், மேலே வைக்கோல் பரப்பி, சின்னக் குழி போட்டுச் சோளம் விதைப்பது.

பலாபத்வலவில் சரிவான காணி வைத்திருந்த ஒரு முஸ்லிம் விவசாயி முன்வந்தார். ஒவ்வொரு மழைக்கும் அவருடைய மேல்மண் வீதியோர வடிகாலான கானுக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. உழாவிட்டால் மண் நிற்குமா என்று தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றார். பாதியை உழுவது, பாதியைத் தொடாமல் விடுவது என்று முடிவானது. யாழ்ப்பாணத்தவரான விவசாயப் போதனாசிரியை நடுவில் முளையடித்துச் சிவப்புக் கயிறு கட்டினார். விதைப்பு நாள் புதன்கிழமை.

செவ்வாய் பின்நேரம் நாங்கள் மூவரும் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனபோது காணி முழுவதும் உழுது கிடந்தது. முளைகளைப் பிடுங்கி வேலியோரம் அடுக்கியிருந்தார்கள். இரண்டு சக்கர டிராக்டர் ஒன்றின் பக்கத்தில், விவசாயியின் மனைவியுடைய அண்ணன் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் செஞ்சீங்க?" என்றார் விவசாயி.

"ஒழுதேன்."

"ஒழ வேணாம்னுதானே கயிறு கட்டினது."

"கயித்தப் பாத்துத்தான் ஒழுதேன். சர்வேயர் அடிச்ச முளைன்னு நெனச்சேன். எங்க வாப்பா தங்கச்சிக்குக் குடுத்த காணி. பாதிய விக்கப் போறீங்களோன்னு..."

உழுதுவிட்டால், காணிக்கு வேறு உரிமைக்காரரும் உண்டு என்று வாங்க வருகிறவர் தயங்குவார் என்பது அவர் போட்ட கணக்கு.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"விக்கிறவரு உண்மையச் சொல்லுவாரா?"

விவசாயி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உழாத நிலம் இல்லையென்றால் சோதனையும் இல்லை. இன்னொரு வருடத்து மண் கானோடு போகும். போதனாசிரியை இடது வேலியை நோக்கி நடந்தார். அங்கே மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை உழாமல் கிடந்தது. அகலத்தை அடி வைத்து அளந்தார்: பதின்மூன்று.

"இதை ஏன் விட்டனீங்கள்?"

"டீசல் முடிஞ்சி, மிஸ். இல்லாட்டி அதையும் முடிச்சிருப்பேன்."

"நல்ல காலம். சோதனைக்கு இது காணும். இதிலயே விதைப்பம்."

என் துண்டுப்பிரசுரத்தில் 'சரிபாதி' என்று அச்சாகியிருந்தது. அன்று மாலை ஒவ்வொரு பிரதியிலும் அதைப் பேனாவால் அடித்தேன்.

மறுநாள் விதைப்பைப் பார்க்க வந்த அயலூர்க்காரர், பட்டை ஏன் இவ்வளவு ஒடுக்கம் என்று கேட்டார்கள். போதனாசிரியை மைத்துனரைக் கைகாட்டினார். அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அலுவிகாரையிலிருந்து வந்த ஒருவர், "மாமனார் குடுத்த காணிய விக்கிறதுன்னா மொதல்ல மச்சான்ட டிராக்டர ஒளிக்கணும்," என்றார். சிரிப்பு அடங்கிய பிறகுதான் விதைப்பு தொடங்கியது.

விதைத்த மூன்றாம் வாரம் பெருமழை பெய்தது. விடிந்ததும் படம் எடுக்கப் போனேன். உழுத பக்கம் நெடுகக் கோடு கோடாக அரித்திருந்தது. பல சோளக் கன்றுகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. பட்டையில் வைக்கோல் கொஞ்சம் விலகியிருந்தது, அவ்வளவுதான். அதன் அடியிலிருந்து வடிந்த தண்ணீர் அனேகமாகத் தெளிவாக இருந்தது. மைத்துனர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கானுக்குள் நின்று மண்ணை உரப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

மேலே நின்ற விவசாயி கானை எட்டிப் பார்த்தார். "மச்சான், நான் விக்கல்ல. நீங்கதான் ஒழுது கானுக்குச் சும்மா குடுத்துட்டீங்க."

மைத்துனர் நிமிரவில்லை. "பேச்ச விட்டுட்டுப் பைய புடிங்க," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ட காணிக்கு மிஸ் எப்ப வருவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க," என்றார்.