அலரி விறகில் ஏற்றிய பொங்கல்

“…அரளிப் புகையே ஆகாதுண்ணே, முதல்ல அடுப்ப அணைங்க” என்றார், பக்கத்து வீட்டு மதுரைக்காரப் பெண். வேலிக்கு அப்பால் நின்று போனை வேறு எங்கள் பக்கம் நீட்டியிருந்தார்.

நாங்கள் குடியேறிய மவுண்ட் ரோஸ்கில்லில், எங்கள் வீட்டுப் பின்வளவில் தைப்பொங்கல் பானை ஏறியிருந்தது. தீபாவளியோடு வெட்டிப்போட்ட அலரிக் கிளைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. குப்பைக்கு ஏன் கொடுப்பான் என்று அவற்றையே அடுப்பில் செருகினேன். வேலி விஷயத்தில் அவரோடு எங்களுக்கு ஏற்கெனவே மனக்கசப்பு. நகரக் கவுன்சிலுக்குக் காட்ட வீடியோ எடுக்கிறார் என்றே நினைத்தேன்.

“அலரிப் பூவைச் சாமிக்கு வைக்கிறம். கட்டை மட்டும் நஞ்சோ, தங்கச்சி?”

“சாமிக்கு மூச்சு முட்டாதுண்ணே. அக்காவுக்கு முட்டும்ல.”

பானையருகில் நின்ற என் மனைவி இருமிக்கொண்டே இருந்தாள். “இஞ்சாருங்கோ, தலை சுத்துது” என்று புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளைப் புகையிலிருந்து தூர இழுத்துப்போய் இருத்தினார். பிறகு தோட்டக் குழாயை அடுப்பின் மேல் திருப்பினார். நல்ல நாளில் பொங்கல் அடுப்பை அணைக்கிறாரே, இதற்காகத்தான் காத்திருந்தாரோ என்று அப்போதும் என் மனம் குமுறியது.

போனை என் காதில் வைத்தார். மறுமுனையில் நஞ்சுக்கு ஆலோசனை சொல்லும் நர்ஸ், மனைவிக்கு நெஞ்சு படபடக்கிறதா என்று கேட்டார். அவளிடம் கேட்டுச் சொன்னேன்.

நல்ல காற்றில் அவள் மெல்லத் தெளிந்தாள். அந்தப் புகையைவிட என் சந்தேகம்தான் என் கண்ணை அதிகம் மறைத்திருந்தது.

அவர் புகை பட்ட எங்கள் பானைப் பாலைக் கொட்டிவிட்டு, தன் வீட்டுக்குப் போனார். தன் பொங்கல் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிவந்து, எங்கள் கோலத்தின் நடுவில் இறக்கினார்.