அப்பாவு வாங்கி வந்த இரண்டு மூட்டை ஜிப்சம்

அப்பாவு வேளாண்மை அலுவலகத்தில் உதவி அலுவலர். மரக்காணத்தைச் சுற்றி ஆறு கிராமங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. தாயும் தகப்பனும் உப்பளத்தில் கூலி வேலை செய்துதான் அவரைப் படிக்க வைத்தார்கள். அதனாலோ என்னவோ, அவர் பேச்சை விவசாயிகள் நம்பினார்கள்.

சுனாமி அன்று கடல் உப்பங்கழி வழியாக ஏறி அனுமந்தைப் பக்கத்து வயல்களில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு மண் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சில மாதம் கழித்து, அந்த நிலங்களைச் சீர்செய்ய அரசு இலவசமாக ஜிப்சம் தரும் என்று உத்தரவு வந்தது. அப்பாவு அறுபத்து மூன்று பேரின் பெயரை எழுதி அனுப்பினார். மழைக்கு முன்னால் ஜிப்சத்தைத் தூவிவிட்டால், மழைத்தண்ணீரில் உப்பு கரைந்து வெளியேறும். அது வெளியேற முதலில் வடிகால் வேண்டும். வயல் வயலாக நின்று இதை விளக்கினார்.

அஞ்சம்மாளுக்கு எழுபது சென்ட் நிலம். கணவர் இறந்த பிறகு அதில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டுத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். வடிகால் போக வேண்டிய வழியில், காய்த்துக்கொண்டிருந்த இரண்டு முந்திரி மரங்கள் நின்றன.

"இத விட்டுட்டு வளைச்சி வெட்டலாமா சார்?"

"வளைச்சா தண்ணி தேங்கிடும் அஞ்சம்மா. நேராத்தான் போவணும்."

மறுநாளே மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, கடப்பாரையும் மண்வெட்டியுமாக அஞ்சம்மாளே இறங்கினார். வடிகால் முடிய பதினேழு நாள் ஆனது.

ஐப்பசி பிறக்கும் நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. இந்த ஆண்டு ஒதுக்கீடு குறைக்கப்பட்டிருக்கிறது, இருபத்திரண்டு பேருக்கு மட்டும் கொடுக்கலாம், சொந்தப் பெயரில் பட்டா உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அப்பாவு அன்றே பஸ் ஏறி விழுப்புரம் போனார். மேலதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"எல்லாரும் வடிகால் வெட்டிட்டாங்க சார். நான் சொல்லித்தான் வெட்டினாங்க."

"எனக்குப் புரியுது அப்பாவு. மேல நிதியே இல்லன்றாங்க. நான் என்ன பண்ண?"

அஞ்சம்மாளின் நிலப் பட்டா இன்னும் மாமனார் பெயரில் இருந்தது. பட்டியலில் அவர் பெயரை அப்பாவு தன் கையாலேயே அடித்தார்.

லாரி வந்த அன்று, விஷயம் தெரியாமல் அஞ்சம்மாளும் மாட்டுவண்டி ஒன்றைப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பாவு அவரைத் தனியாக அழைத்துச் சொன்னார். அஞ்சம்மாள் சண்டை போடவில்லை. வண்டிக்காரரைத் திரும்பிப் போகச் சொன்னார்.

"அப்ப அந்தக் கால்வாய மூடிடட்டுமா சார்?"

அப்பாவு லாரிப் பக்கம் திரும்பி மூட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

அந்த வாரம் அவர் திண்டிவனத்தில் ஒரு தனியார் கடையில் இரண்டு மூட்டை ஜிப்சம் வாங்கினார். எழுபது சென்டுக்கு அது எந்த மூலைக்கும் காணாது என்று அவருக்கே தெரியும். இருந்தும் டிவிஎஸ் ஃபிப்டியில் வைத்துக் கொண்டுபோய் அஞ்சம்மாளின் வாசலில் இறக்கினார். எதிரில் வந்த சிங்காரம் அதைப் பார்த்துவிட்டார். அவர் பெயரும் அடிபட்ட பெயர்தான்.

மறுநாள் காலை பதினோரு பேர் அலுவலகத்தில் நின்றார்கள்.

"ஏன் சார், அவங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சி?" என்றார் சிங்காரம். "நாங்களும்தான வெட்டினோம்?"

"அது ஆபீஸ் மூட்டை இல்ல சிங்காரம். நான் கடையில வாங்கினது."

"வாங்கறவரு எல்லாருக்கும் வாங்கணும் சார்."

யாரோ மனு எழுதிப் போட்டார்கள். அரசு இருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாரா என்று விளக்கம் கேட்டு அப்பாவுவுக்கு ஓலை வந்தது.

செய்தி அஞ்சம்மாள் காதுக்கும் போனது. அதே வண்டிக்காரரைக் கூட்டி, மூட்டை இரண்டையும் பிரிக்காமலே கொண்டுவந்து அலுவலக வாசலில் இறக்கினார்.

"உங்க வேலைக்கு வம்பு வேணாம் சார். ரெண்டு மூட்டையில என் நெலம் ஒண்ணும் ஆவப் போறதில்ல."

"வச்சிக்குங்க அஞ்சம்மா. நான் எழுதிக் குடுத்துக்கறேன்."

"வேணாம் சார். நாளைக்கி இதே ஊர்லதான நானும் இருக்கணும்."

கடையின் ரசீதைக் காட்டியதும் விசாரணை முடிந்தது. ஆனால் மூட்டைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அரசுப் பொருள் இல்லாததால் கிடங்கில் வைக்க முடியாது. அப்பாவு சிங்காரத்திடம் கொடுத்துப் பார்த்தார். அவரும் வாங்கவில்லை. அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. வாசலில் கிடந்த ஜிப்சம் நனைந்து கட்டியாக இறுகிப்போனது. ஜிப்சம் போட்ட இருபத்திரண்டு வயல்களில் பெரும்பாலும் பயிர் தேறியது. மற்ற வயல்களில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலாகவே வடிந்து போனது, உப்பு மண்ணிலேயே தங்கிவிட்டது.

தை மாதம் அஞ்சம்மாள் மறுபடி மல்லாட்டை போட்டார். பத்துக்கு இரண்டு முளைத்தது. அதுவும் நுனி கருகிப்போனது. 2006 கோடையில், அப்பாவுவின் பெற்றோர் வேலை செய்த உப்பளத்திலேயே அஞ்சம்மாள் வாரக் கூலிக்குச் சேர்ந்தார். ஒருநாள் சாலையோரத்தில் வேலை முடிந்து நின்றவரைப் பார்த்து அப்பாவு வண்டியை நிறுத்தினார்.

"அடுத்த வருஷம் திட்டம் திரும்ப வந்தாலும் வரும்னு பேசிக்கறாங்க அஞ்சம்மா. பட்டாவ மட்டும் உங்க பேருக்கு மாத்தி வச்சிடுங்க."

"மாத்தறேன் சார்" என்றார் அஞ்சம்மாள்.

அவர் மாற்றப்போவதில்லை என்று அப்பாவுவுக்குத் தெரிந்தது. வடிகால் வெட்டச் சொன்ன தனக்கு இனி வற்புறுத்த வாய் இல்லை என்பதும் தெரிந்தது. பஸ் வந்தது. அஞ்சம்மாள் ஏறிக்கொண்டார்.